உப்பில்லாத சோறு

பிப்ரவரி 11

காப்பீட்டு முகவர் அவர்களுக்கு,

'தம்பி' என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. உங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உங்களை வா, போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். இனிமேல் வாருங்கள், போங்கள்தான். மரியாதை என்று நினைத்துச் சந்தோஷப்பட வேண்டாம். வெளியாட்களிடம் நான் அப்படித்தான் பேசுவது வழக்கம்.

போனில் கேட்காமல் எதற்கு எழுதுகிறேன் தெரியுமா? போனில் பேசினால் நாளைக்கே 'அண்ணி அப்படிச் சொல்லவே இல்லையே' என்பீர்கள். அந்த வித்தையில் நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரர் என்று போன வாரம்தான் தெரிந்தது. அதனால்தான் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

உங்கள் கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து, லேத் பட்டறை வேலை போய், வீட்டில் கிடக்கிறாரே உங்கள் அண்ணன், அவருடைய வீட்டுக் கடன் தவணையை அவர்கள் கட்ட மாட்டார்களாம். 'பெரிய வியாதி வந்து சம்பாதிக்க முடியாமப் போனா தவணையைக் கம்பெனியே கட்டிடும் அண்ணி, நீங்க நிம்மதியாத் தூங்கலாம்' என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்து விற்றீர்களே, அதே பாலிசிதான். இதயத்தில் ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்திருந்ததை அவர் மறைத்துவிட்டாராம்.

மறைத்தாராம்! ஒரு ரகசியத்தைச் சாயங்காலம் வரை வயிற்றில் வைத்திருக்கத் தெரியாத மனுஷன் மறைத்தாராம்! எங்கள் சாப்பாட்டு மேஜையில் எச்சில் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு நீங்கள்தானே விண்ணப்பத்தை நிரப்பினீர்கள்? 'டேய், ஸ்டென்ட் வச்சதை எழுதிட்டியா?' என்று அவர் கேட்டாரா இல்லையா? நீங்கள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. 'அதெல்லாம் பழைய கதைண்ணே. எழுதினா பாலிசியே தரமாட்டான். நான் பாத்துக்கறேன், நீ கையெழுத்தை மட்டும் போடு.' அவரும் போட்டார். தம்பி நீட்டினால் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிற ஜென்மம். நான் தண்ணீர் ஜக்கோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அதைக்கூட விட்டுவிடலாம். ஆனால் கம்பெனி ஆள் விசாரிக்க வந்தபோது என்ன சொன்னீர்கள்? 'எனக்குத் தெரியாது சார், என்கிட்ட சொல்லவே இல்ல.' நாக்கு கூசவில்லையா? ஸ்டென்ட் வைத்த அன்றைக்கு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதது யார்? பேயா?

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். 'எனக்குத் தெரியும், நான்தான் எழுதாமல் விட்டேன்' என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுங்கள். கொடுக்கவில்லை என்றால், என் வீடு போகிற அன்றைக்கு உங்களையும் நிம்மதியாகத் தூங்க விடமாட்டேன்.

இப்படிக்கு,
பாலிசிதாரரின் மனைவி


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் கோபம் வரும். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அண்ணி, கொஞ்சம் பிராக்டிகலாக யோசித்துப் பாருங்கள். அந்த ஆள் விசாரிக்க வந்தபோது எங்கள் கிளை மேலாளர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். 'தெரியும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே என் லைசென்ஸ் போயிருக்கும். இந்தத் தொழிலை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்? எனக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது. பெண்ணைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். நான் விழுந்தால் உங்களுக்கு என்ன லாபம்? ஒருவர் மூழ்கும்போது கரையில் இருப்பவரையும் இழுத்துப் போடுவது நியாயமா?

அன்றைக்கு நான் செய்தது அண்ணனுக்கு நல்லது என்று நினைத்துத்தான். ஸ்டென்ட் வைத்தவருக்கு எந்தக் கம்பெனி தவணைக் காப்பீடு கொடுக்கிறது, சொல்லுங்கள். உண்மையை எழுதியிருந்தால் பாலிசியே கிடைத்திருக்காது. கிடைக்காமல் இருந்தால் இன்றைக்கு என்ன நிலைமையோ அதே நிலைமைதானே? நான் புதிதாக ஒன்றையும் கெடுத்துவிடவில்லை.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பாங்க் கை வைப்பதற்கு முன்னால் நீங்களே வீட்டை விற்றுவிடுங்கள். நல்ல விலைக்கு நானே ஆள் பார்த்துத் தருகிறேன். ஒரு சின்ன வாடகை வீட்டுக்குப் போய்விட்டால் உங்களுக்கும் பாரம் குறையும். மாதாமாதம் என்னால் ஆனதைக் கொடுக்கிறேன். அண்ணனுக்கு ஒரு மாடி ஏறாத வீடாகப் பார்ப்போம்.

இன்னொரு விஷயம். நீங்கள் வேலைக்குப் போயிருந்தபோது அண்ணனிடம் போனில் பேசினேன். நடந்ததைச் சொல்லி அழுதேன். 'விடுடா' என்றார். அவரே விட்டுவிட்டார். நீங்கள் ஏன் அண்ணி பிடித்துத் தொங்குகிறீர்கள்?

என்றும் உங்கள்,
தம்பி


மார்ச் 9

முகவர் அவர்களுக்கு,

'விடுடா' என்றாராம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் ஆனது, வாய் எந்தப் பக்கம் கோணியது, எச்சில் எங்கே வழிந்தது என்று போனில் தெரிந்திருக்காது. தண்ணீர் வேண்டும் என்பதை அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் குடித்தே காட்டிவிடலாம். அப்படிப்பட்டவர் சிரமப்பட்டுப் பேசிய ஒரு வார்த்தையையும் உங்களுக்குச் சாதகமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டீர்கள். நன்றாக இருங்கள்.

புதிதாக ஒன்றையும் கெடுக்கவில்லையா? பாலிசி கிடைக்காது என்று அன்றே தெரிந்திருந்தால் இவ்வளவு பெரிய கடனே வாங்கியிருக்க மாட்டோம். மாடி கட்டாமல் கீழ்த்தளத்தோடு நிறுத்தியிருப்போம். காப்பீடு இருக்கிறது என்ற தைரியத்தில்தான் மாடி எழும்பியது. அந்தத் தைரியத்தை விற்றது நீங்கள். உங்களுக்கு அந்த மாத இலக்குக்கு ஒரு பாலிசி குறைந்தது. கேடயம் வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டு போய் மேடையில் பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டீர்கள். எங்களுக்கும் ஒரு படம் அனுப்பினீர்கள். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

பாங்கிலிருந்து வந்து கேட்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். அந்தக் கேட்டின் கீலை உங்கள் அண்ணன் தன் கையால் லேத்தில் கடைந்தார். திறந்தால் சத்தமே வராது. ஒட்டுகிறவன்கூட 'நல்ல கேட்டும்மா' என்றான். அவர் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்க டிரைவிங் ஸ்கூலுக்குக் கிளம்பிவிட்டேன். காலையில் நாலு பேர், சாயங்காலம் நாலு பேர் என்று சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அது வட்டிக்கே போதவில்லை.

காப்பீட்டுக் குறைதீர்ப்பு அலுவலகத்துக்கும் போய் வந்தேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். 'கம்பெனியோட முகவருக்கு நோய் பத்தி முன்னாடியே தெரியும்னா, அது கம்பெனிக்கே தெரிஞ்ச மாதிரிதாம்மா. மறைச்சதா சொல்ல முடியாது. ஆனா அவரே எழுதிக் கொடுக்கணும். உங்க வாய்வார்த்தை பத்தாது' என்றார். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டது நான். நீங்கள் அழுததற்கு ரசீது யாரும் கொடுக்கவில்லை.

ஆக, என் வீடு உங்கள் ஒரு வரியில் நிற்கிறது. அந்த வரியை நீங்கள் தரமாட்டீர்கள். சரி. கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து காலம் தள்ளுகிறவள் நான். எனக்குப் பொறுமை ஜாஸ்தி. உங்களுக்கும் ஒரு வரி தேவைப்படுகிற நாள் வரும். அன்றைக்கு என் வாசலில்தான் வந்து நிற்பீர்கள்.

இப்படிக்கு,
பாலிசிதாரரின் மனைவி


மே 16

அண்ணி,

உங்கள் வாக்கு பலித்துவிட்டது.

இதை டயாலிசிஸ் நாற்காலியிலிருந்து எழுதுகிறேன். இடது கையில் குழாய் சொருகியிருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் கடைசியில் கால் வீங்கியது. அலைச்சல் என்று நினைத்தேன். பிறகு முகம் வீங்கியது, மூச்சு வாங்கியது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்கிறார்கள். வாரத்துக்கு மூன்று நாள் இங்கே வந்து படுக்க வேண்டும். எந்த வாடிக்கையாளரைப் போய்ப் பார்ப்பேன், எப்படிச் சம்பாதிப்பேன்?

என் வீட்டுக் கடனுக்கும் அதே தவணைக் காப்பீடு எடுத்திருக்கிறேன். கிளெய்ம் போட்டாயிற்று. முன்பு சிறுநீரகக் கோளாறு இருந்ததா என்று தோண்டுகிறார்கள். விண்ணப்பத்தில் நான் 'இல்லை' என்று போட்டிருக்கிறேன்.

உங்களுக்குத் தெரியும் அண்ணி. கல்யாணத்துக்கு முன்னால் நான் முகம் ஊதிப்போய் ஒரு வருஷம் உங்கள் வீட்டில் படுத்துக் கிடந்தது. வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியை இடித்து இப்போது அங்கே துணிக்கடை இருக்கிறது. டாக்டரும் போய்ச் சேர்ந்துவிட்டார். என் மனைவிக்கே நான் சொல்லவில்லை. உலகத்தில் அதைத் தெரிந்தவர்கள் நீங்களும் அண்ணனும்தான்.

அப்போது நான் உங்கள் முகவரியில் இருந்ததால் விசாரணை அதிகாரி உங்களையும் வந்து கேட்பார். உயரமானவர், கண்ணாடி போட்டிருப்பார், மெதுவாகப் பேசுவார். பேச்சில் மயங்கிவிடாதீர்கள். 'எனக்குத் தெரியாது' என்று மட்டும் சொல்லுங்கள் அண்ணி. வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வீங்கிய முகத்தை வைத்துக்கொண்டுதான் கேட்கிறேன். என் பெண்ணுக்காகக் கேட்கிறேன்.

தம்பி


மே 24

முகவர் அவர்களுக்கு,

படித்தேன். ஒரு தரம் உட்கார்ந்து, ஒரு தரம் நின்றுகொண்டு. பாவமாக இருந்தது என்று எழுத ஆசைதான். எழுதினால் பொய். 'எனக்குத் தெரியாது' என்ற வரிக்கு வந்தபோது வாய்விட்டே சிரித்துவிட்டேன். உங்கள் அண்ணன் உள்ளே இருந்து என்ன என்று கேட்டார். பழைய ஜோக் ஒன்று என்றேன்.

நீங்கள் படுத்துக் கிடந்த வருஷம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உங்களுக்கு உப்பு ஆகாது. தனியாகச் சமைத்தால் 'என்னை மட்டும் ஒதுக்குறீங்களா' என்று கண் கலங்குவீர்கள் என்பதால் மூன்று பேருக்குமே உப்பில்லாமல் சமைத்தேன். பட்டறையிலிருந்து பசியோடு வருகிற மனுஷன் ஒரு வார்த்தை பேசாமல் அதைச் சாப்பிட்டார். ஒரு வருஷம்! என் கையால் சாப்பிட்டவர் எப்படி இப்படிச் செய்தார் என்று மாதக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டேன். இப்போதுதான் புரிகிறது. உப்பைத் தின்றிருந்தால்தானே நன்றி இருக்கும்? நான் போட்டது உப்பில்லாத சோறு.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த அதிகாரியின் கார்டு என் மேஜைமேல் இருக்கிறது. நம்பர் இருக்கிறது. ஒரு போன் போட்டால் போதும், எந்த வருஷம், எந்த டாக்டர், என்ன மாத்திரை, எந்தக் கால் முதலில் வீங்கியது என்று எல்லாம் சொல்வேன். உங்கள் மாடி வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். உங்கள் கேட் சத்தம் போடுமா போடாதா என்று எனக்குத் தெரியாது.

போன் போடாமல் இருக்க வேண்டுமா? நான் பிப்ரவரியில் கேட்டதைச் செய்யுங்கள். குறைதீர்ப்பு அலுவலகத்துக்கு நேரில் போய், உங்கள் கைப்பட எழுதி, அந்த அம்மா முன்னால் கையெழுத்துப் போடுங்கள். நகல் எனக்கு வர வேண்டும். ஜூன் பத்து வரை பார்ப்பேன்.

அதை எழுதினால் உங்கள் பாலிசியையும் தோண்டுவார்கள் என்று பயப்படுவீர்கள். தோண்டட்டுமே. தோண்டினால் கிடைப்பதற்கு என்னைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். அங்கே மாடிப்படி செங்குத்தாக இருக்கும்.

இப்படிக்கு,
பாலிசிதாரரின் மனைவி


ஜூன் 8

அண்ணிக்கு,

நகல் இணைத்திருக்கிறேன். 'என் அண்ணனுக்கு ஸ்டென்ட் வைத்தது எனக்கு முன்பே தெரியும். விண்ணப்பத்தை நிரப்பும்போது அவர் ஞாபகப்படுத்தியும் நான்தான் எழுதவில்லை. விசாரணையிலும் பொய் சொன்னேன்.' நீங்கள் கேட்டது அப்படியே இருக்கிறது. அந்த அம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உங்களுக்கு வயிறு நிறைந்திருக்கும்.

மறுநாளே மேலாளர் கூப்பிட்டு அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். சுவரில் இருந்த என் படத்தையும் கழற்றிவிட்டார்கள். என்னிடம் பாலிசி எடுத்தவர்கள் போன் போட்டு 'எங்களுக்கும் இப்படித்தான் எழுதினியா' என்று கேட்கிறார்கள். மனைவிக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. அவள் நேற்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

ஜெயித்துவிட்டீர்கள். உங்களை என் அம்மா ஸ்தானத்தில் வைத்திருந்தேன். கழுத்தில் கத்தி வைத்து எழுதி வாங்கினீர்கள். நான் செய்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாகக் கிடப்பவனிடம் பேரம் பேச எனக்குத் தோன்றியிருக்காது அண்ணி.

என் கிளெய்முக்கு இன்னும் பதில் இல்லை. வாக்கைக் காப்பாற்றுவீர்களா? ஒரு வரி எழுதுங்கள். தபால்காரர் வரும் நேரத்தில் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.


ஆகஸ்ட் 3

முகவராக இருந்தவருக்கு,

பதில் போடாமல் வேண்டுமென்றேதான் இருந்தேன். வாசலில் உட்கார்ந்து தபால்காரரைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளட்டும் என்றுதான். நாங்கள் அப்படி உட்கார்ந்திருக்கிறோம்.

எங்களுக்குத் தீர்ப்பு வந்துவிட்டது. தவறியதையும் சேர்த்துக் கம்பெனியே கட்டுகிறது. கேட்டில் இருந்த நோட்டீஸைத் தண்ணீர் தெளித்து நானே சுரண்டி எடுத்தேன். உங்கள் கிளெய்மும் கிடைத்துவிட்டது என்று உங்கள் மனைவி அண்ணனிடம் போனில் சொன்னாளாம். 'அக்கா சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டாங்க' என்று அழுதாளாம். அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்குச் சேராத புண்ணியம் எனக்கு வேண்டாம்.

நடந்ததைக் கேளுங்கள். உங்கள் மே மாதக் கடிதம் எனக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அந்த உயரமான அதிகாரி திங்கட்கிழமையே வந்துவிட்டுப் போயிருந்தார்.

ஆமாம், முந்தின நாளே. உங்களுக்கு உடம்பு சரியில்லை என்பதே அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கூடத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, 'இந்த வீட்ல இருந்தப்போ உங்க கொழுந்தனாருக்குக் கிட்னி பிரச்சினை ஏதாவது இருந்துச்சாம்மா?' என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு உள்ளுக்குள் குதித்தது. நான் காத்திருந்த நாள் நாற்காலி போட்டு என் எதிரில் உட்கார்ந்திருக்கிறது! சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். 'இருந்துச்சு சார்' என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லியிருப்பேன்.

உங்கள் அண்ணன் முந்திக்கொண்டார். கட்டிலில் இருந்து இடது கையை ஓங்கித் தட்டினார். அந்த ஆள் திரும்பினார். 'என்... தம்பிக்கு... ஒரு வியாதியும்... இருந்ததில்ல... சார்.' பக்கவாதம் வந்த பிறகு அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். வேர்த்துக் கொட்டிவிட்டது. அந்த அதிகாரி எழுந்து போய் அவர் வாயைத் துடைத்துவிட்டு, 'போதும் சார், எழுதிக்கறேன்' என்றார். என்னிடம் வேறு ஒன்றும் கேட்கவே இல்லை. கார்டை வைத்துவிட்டுப் போனார்.

அவர் கேட்டைத் தாண்டியதும் நான் கத்தினேன். 'உங்களுக்கு அறிவு இருக்கா? நம்மளை நடுத்தெருவுல நிறுத்தினவனுக்கா சொல்றீங்க?' அவர் கட்டிலிலிருந்தே கையை நீட்டி, மேஜைமேல் இருந்த கார்டை எடுத்து, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையால் கிழித்தார். துண்டுகளை என் கையில் கொடுத்தார். அன்றைக்கு நான் அவருக்குச் சாப்பாடு ஊட்டவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வந்து ஊட்டினாள்.

மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. ஆக, நான் உங்களை மிரட்டியபோது என் மேஜைமேல் கார்டும் இல்லை, ஒன்றும் இல்லை. பொய்தான் எழுதினேன். உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். லைசென்ஸ், படம், பெயர், மனைவியிடம் இருந்த மரியாதை எல்லாவற்றையும் கொடுத்து என்னிடம் ஒன்றை வாங்கினீர்களே, அதை உங்கள் அண்ணன் உங்களுக்கு முன்னாடியே சும்மா கொடுத்து முடித்திருந்தார். நீங்கள் பாட்டுக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்றைக்கு உங்கள் வீடும் இருந்திருக்கும், லைசென்ஸும் இருந்திருக்கும், எங்கள் வீடு போயிருக்கும். இதை உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று அவர் கெஞ்சினார். அதனால்தான் சொல்கிறேன். டயாலிசிஸ் நாற்காலியில் படுத்திருக்கும்போது நினைத்துக்கொள்ள உங்களுக்கு ஒரு விஷயம் வேண்டாமா?

அவருக்கு உங்களைப் பார்க்க வேண்டுமாம். தினமும் வாசலைக் காட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். கேட்டைத் தட்ட வேண்டாம், தள்ளினால் திறக்கும். மத்தியானம் சாப்பாடு போடுவேன். உப்பு போடமாட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் அண்ணனின் மனைவி